நடுவில் நிற்கிற பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம்?

மதிப்பிற்குரிய பொறியியல் கல்லூரித் தாளாளர்களுக்கும், முதல்வர்களுக்கும், பிளேஸ்மென்ட் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன். உங்கள் கல்லூரிகளுக்கு வருடாவருடம் பிள்ளைகளை அனுப்பிவைக்கிற பலரில் ஒருவன். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கவுன்சிலிங் முடிகிற வரை என் வீட்டுத் திண்ணை கிட்டத்தட்ட விசாரணை மையம்தான். கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று கட்-ஆஃப் போட்டுக் கொடுப்பது, சாய்ஸ் ஃபில்லிங்கில் எந்தக் கல்லூரியை மேலே வைப்பது எதைக் கீழே வைப்பது என்று உட்கார்ந்து பேசுவது, எல்லாம் அங்கேதான் நடக்கும்.

போன வருடம் ஜூனில் ஒருவர் வந்தார். எங்கள் ஊரில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். கூடவே மகள், என்னிடம் படித்த பிள்ளை, கட்-ஆஃப் 164. அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு வழவழப்புத் தாளை எடுத்து விரித்தார். உங்களில் ஒருவருடைய கல்லூரிதான். பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் மற்றவர்களுடைய தாளும் அப்படியேதான் இருக்கிறது. மேலே கோட் போட்ட ஒரு மாணவியின் படம், பக்கத்தில் பெரிய எழுத்தில் "உச்ச சம்பளம் 44 லட்சம்". அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் "சராசரி சம்பளம் 5 லட்சம்".

"44 எல்லாம் நம்ம பாப்பாவுக்கு வேணாம் சார். அதெல்லாம் தலையில எழுதியிருக்கணும். இந்த அஞ்சு வந்தாப் போதும். மாசம் நாப்பத்தோராயிரம் ஆச்சே? லோனு கட்டிட்டு மிச்சமும் இருக்கும்" என்றார்.

மனிதர் பேராசைக்காரர் இல்லை என்பதைக் கவனியுங்கள். உச்ச எண்ணை அவரே ஒதுக்கிவிட்டார். சராசரி என்று போட்டிருந்ததை மட்டும் நம்பினார். "சராசரி மனுஷன்", "சராசரிக் குடும்பம்" என்று நாம் பேசும்போது நடுவில் இருக்கிற ஆளைத்தானே சொல்கிறோம்? அந்தப் பொருளில்தான் அவரும் படித்தார். நீங்கள் போட்டிருந்தது வேறு ஒன்று: கூட்டி, தலை எண்ணிக்கையால் வகுத்து வந்த எண்.

உங்கள் தாள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு எண்ணும் உண்மை என்றே வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் அதைக் காட்ட வேண்டும். இது நானே கற்பனை செய்த வகுப்பு, எந்தக் கல்லூரியுடையதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் தினசரி காலண்டர் கிழித்த தாள்களைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். பின்பக்கம் வெற்றாக இருப்பதால் கணக்குப் போட ஆகும். அதில் 41 தாளை எடுத்தேன். ஒரு தாள் ஒரு மாணவர். 12 தாளில் 3 லட்சம் என்று எழுதினோம். 18 தாளில் 3.6 லட்சம். 8 தாளில் 4.5 லட்சம். இரண்டில் 12 லட்சம். ஒன்றே ஒன்றில் 44 லட்சம். மகள் எழுத எழுத அப்பா வரிசையாகத் திண்ணையில் அடுக்கினார், சிறியதிலிருந்து பெரியதுவரை. காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு செருப்பை எடுத்து வைத்தோம்.

கூட்டிப் பாருங்கள்: 204.8 லட்சம். 41 ஆல் வகுத்தால் ஐந்து லட்சத்துக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் குறையவில்லை. ஆக, "சராசரி 5 லட்சம், உச்சம் 44 லட்சம்" என்று இந்த வகுப்புக்கும் தாராளமாக அச்சடிக்கலாம். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். ஆனால் திண்ணையில் கிடந்த 41 தாளில் 5 லட்சம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது! 38 பேர் அதற்குக் கீழே, மூன்று பேர் அதற்கு மேலே.

அப்புறம், இந்தப் பக்கம் இருபது தாளும் அந்தப் பக்கம் இருபது தாளும் விட்டு, நடுவில் கிடந்த இருபத்தோராவது தாளை எடுக்கச் சொன்னேன். 3.6 லட்சம். அதுதான் இடைநிலை அளவு, நீங்கள் மீடியன் என்கிறீர்களே, அது.

அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. குனிந்து, 44 என்று எழுதிய தாளை மட்டும் வரிசையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு, "இதை எடுத்துட்டா சார்?" என்றாள். போட்டுப் பார்த்தோம். சராசரி 5-இலிருந்து 4.02 லட்சமாக விழுந்தது. ஒரே ஒரு ஆள் போனதும் தலைக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் காணாமல் போனது. நடுத்தாள் மட்டும் அசையவே இல்லை, அதே 3.6. சரி, தாளைத் திரும்ப வைத்து, 44-ஐ அடித்து 88 என்று எழுதினோம். சராசரி 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுத்தாள் அப்போதும் 3.6. மற்ற நாற்பது பேருடைய வாழ்க்கையில் ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உங்கள் தாளில் இருக்கிற எண் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நடுவுல நிக்கிற பிள்ளைக்கு மாசம் முப்பதாயிரமா சார்?" என்றார் அவர்.

முப்பதாயிரமும் கைக்கு வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். நீங்கள் போடுகிற எண் சி.டி.சி. அதாவது அந்தப் பிள்ளைக்காக நிறுவனம் செலவழிக்கிற மொத்தம். அதில் நிறுவனம் கட்டுகிற பி.எஃப். இருக்கிறது, ஐந்து வருடம் இருந்தால் பொதுவாகக் கிடைக்கிற கிராஜுவிட்டி இருக்கிறது, சில இடங்களில் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் "வேரியபிள்" என்கிற வந்தாலும் வரலாம் பணமும் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால், பி.எஃப்.புக்கு நிறுவனத்தின் பங்காக 1,800, பிள்ளையின் பங்காக இன்னொரு 1,800, கிராஜுவிட்டிக்கு எழுநூறு சொச்சம். இதிலேயே 30,000 என்பது இருபத்தையாயிரத்துச் சொச்சத்தில் வந்து நிற்கும். நான்கு லட்சம் கல்விக் கடன் வாங்கி, பத்து சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைக்கிறது என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6,640 ரூபாய். சென்னையிலோ பெங்களூரிலோ பி.ஜி.யில் தங்கி, சாப்பிட்டு, ஊருக்கு வந்துபோக மிச்சம் இருப்பது எவ்வளவு என்று குட்டியானை ஓட்டுகிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல் கணக்குப் போட்டே பழகிய கை.

(44 லட்சத்துக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட பெரிய ஆஃபர்களில் கணிசமான பகுதி நிறுவனப் பங்குகளாக, பெரும்பாலும் நான்கு வருடத்தில் பிரித்துப் பிரித்துத் தரப்படும். அதையும் சேர்ந்த நாளிலேயே மொத்தமாகக் கூட்டி பிளெக்ஸ் அடித்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கே அது தர்மசங்கடம்.)

சராசரி என்பதே தப்பான கணக்கு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் விடுதியையே பாருங்கள். பல விடுதிகளில் மெஸ் கணக்கு டிவைடிங் சிஸ்டம். அரிசி, பருப்பு, காய், கேஸ், சமையல்காரர் கூலி எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்ட ஆட்களால் வகுத்து, நாளுக்கு இவ்வளவு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அங்கே சராசரி கனகச்சிதமாகப் பொருந்தும். ஏனென்றால் அங்கே உண்மையிலேயே பங்கு பிரிக்கிறார்கள். ஒல்லியாக இருக்கிறவனும் மூன்று தட்டு சாப்பிடுகிறவனும் ஒரே தொகைதான் கட்டுகிறான். சம்பளத்தை யார் பங்கு பிரித்தார்கள்? 44 லட்சம் வாங்குகிற பிள்ளை மாதாமாதம் அதை ஓர் உண்டியலில் போட்டு மற்ற நாற்பது பேருக்கும் சமமாகக் கொடுத்தால், அன்றைக்கு "சராசரி 5 லட்சம்" என்று நீங்கள் போடலாம், நானே பிளெக்ஸ் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு நாங்கள் சராசரி போடுகிறோமே என்று கேட்பீர்கள். மதிப்பெண்ணுக்கு மேலே கூரை உண்டு. நாற்பது பேர் வகுப்பில் 60 வாங்க வேண்டிய ஒருவன் 100 வாங்கினாலும் வகுப்புச் சராசரி ஒரு மார்க்தான் ஏறும். அதற்கு மேல் இழுக்க முடியாது. சம்பளத்துக்குக் கீழே தரை இருக்கிறது, மேலே கூரை இல்லை. மூன்று லட்சத்துக்குக் கீழே போக அதிகம் இடமில்லை. மேலே நாற்பதும் போகும், எண்பதும் போகும். அதனால்தான் சம்பளப் பட்டியல் எங்கே எடுத்தாலும் பெரும்பாலும் சராசரி மேல்பக்கம் சாய்ந்துகிடக்கிறது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் நாட்டிலுள்ள சம்பளக்காரர்கள் எல்லோருடைய கணக்கையும் வைத்து இரண்டு எண்ணையும் அருகருகே வெளியிடுகிறது. 2021-இல் சராசரி 58,129 டாலர், இடைநிலை 37,586 டாலர். சம்பளம் வாங்குகிற மூன்று பேரில் இரண்டு பேர் சராசரிக்குக் கீழே. அந்த நாட்டில் போய் "சராசரிச் சம்பளம் உங்களுக்குக் கிடைக்கும்" என்று ஒருவர் வாக்குக் கொடுத்தால், மூன்றில் இரண்டு பேரிடம் அவர் பொய்யராகத்தான் நிற்பார்.

நம் நாட்டுச் சட்டத்துக்கும் இது தெரிந்தே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 197-ஆம் பிரிவின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் தன் இயக்குநர் ஒவ்வொருவரும் ஊழியர் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு வாங்குகிறார் என்று ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். எந்த ஊழியரோடு ஒப்பிட வேண்டும்? இடைநிலைச் சம்பளம் வாங்குகிறவரோடு. 2014-இல் வந்த விதிகள் இடைநிலை என்றால் என்ன என்பதையும் கணக்கு வாத்தியார் போல விளக்கிவிடுகின்றன: சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கி நடுவில் இருப்பதை எடு, எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடு இரண்டின் சராசரியை எடு. அரசிதழில் இப்படி ஒன்பதாம் வகுப்புப் பாடம் வந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். சராசரியை வைத்து ஒப்பிடச் சொல்லியிருந்தால், மேலே இருக்கிறவர்களின் பெரிய சம்பளமே அந்தச் சராசரியைத் தூக்கிவிட்டு, மடங்கைக் குறைத்துக் காட்டியிருக்கும்.

உங்கள் விஷயத்துக்கே வருகிறேன். கல்லூரிகளை வரிசைப்படுத்தி ஒன்றிய அரசு வெளியிடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள் வேலைக்குப் போன பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளத்தைத்தான் ஒன்றிய அரசுக்கு எழுதித் தருகின்றன. 2016-இல் முதல் பட்டியல் வெளிவந்தது. கொடுத்த விவரத்தைச் சொந்த இணையதளத்திலும் போட வேண்டும் என்பதால் போட்டும் வைத்திருக்கிறீர்கள். எங்கே? முகப்புப் பக்கத்தின் அடியில், தொலைபேசி எண்ணுக்கும் பேருந்துத் தடத்துக்கும் பக்கத்தில், சின்னதாக ஒரு சுட்டி. அதை அழுத்தினால் ஒரு பி.டி.எஃப். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். இடைநிலைச் சம்பளத்தை எண்ணால் போட்டு, அடைப்புக்குறிக்குள் எழுத்தாலும் எழுதியிருப்பீர்கள், வங்கிக் காசோலையில் எழுதுவது போல.

ஆக, எண் உங்களிடம் இருக்கிறது. டெல்லிக்கு அனுப்பும்போது இடைநிலை, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பும்போது சராசரி. எனக்குப் புரியாதது இது ஒன்றுதான். புரிகிறது என்றே வைத்துக்கொள்வோம், கேட்கிறேன்.

அன்றைக்குத் திண்ணையில் அந்தக் கல்லூரியின் பி.டி.எஃப்.பைக் கைபேசியில் திறந்து காட்டினேன். அந்தப் பிள்ளை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்றாள். நல்ல கேள்வி. பதில் இல்லை. நான்கு வருடப் படிப்பு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைத்திருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸும் சிவிலும் மெக்கானிக்கலும் ஒரே குண்டானில். அவள் கேட்டிருந்தது சிவில். அந்த எண்ணை வைத்து அவள் ஒன்றும் செய்ய முடியாது.

இடைநிலையையும் ஏமாற்றலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்வீர்கள். என் திண்ணை வகுப்பில் மொத்தம் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 41 பேருக்குத்தான் வேலை. மீதி 19 பேருக்கும் சுழி என்று எழுதி வரிசையின் தொடக்கத்தில் அடுக்கினால், நடு இடம் கீழே நகர்ந்து 3 லட்சத்தில் போய் நிற்கும். அந்த 19 பேரில் மேற்படிப்புக்குப் போனவன் இருப்பான், அப்பா கடையைப் பார்த்துக்கொள்ளப் போனவன் இருப்பான், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவள் இருப்பாள். எல்லோரையும் சுழி என்பது நியாயமில்லை. ஆனால் ஆளே இல்லாதது போல வரிசையிலிருந்து தூக்கிவிடுவதும் நியாயமில்லை. அதேபோல, ஒரே மாணவர் கையில் மூன்று ஆஃபர் இருந்தால் அதை மூன்று ஆள் போல எண்ணுகிற வழக்கமும் உங்களில் சிலரிடம் உண்டு. "500 ஆஃபர்கள்" என்றால் 500 பிள்ளைகள் என்று படிக்கிறவருக்குத் தோன்றும். தோன்றட்டும் என்றுதான் எழுதுகிறீர்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. உங்கள் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் எக்செல் பட்டியல் இருக்கும். துறைவாரியாகப் பிரித்து, ஒரு பிள்ளைக்கு அவர் ஏற்றுக்கொண்ட ஒரே ஒரு ஆஃபரை மட்டும் வைத்து, ஏறுவரிசையில் அடுக்குங்கள். இறுதியாண்டில் எத்தனை பேர், வேலைக்குப் பதிந்தவர் எத்தனை பேர், கிடைத்தவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். நடுவில் நிற்கிறவரின் எண்ணைப் போடுங்கள். மனசு இருந்தால் இன்னும் இரண்டு எண்: கீழிருந்து கால்வாசியில் நிற்கிறவருடையது, முக்கால்வாசியில் நிற்கிறவருடையது. என் 41 தாளுக்கு அது 3, 3.6, 4.5. இந்த மூன்று எண்ணைப் பார்த்தால் எட்டாவது படித்த அப்பாவுக்கும் வகுப்பே கண்முன் வந்துவிடும். 44 லட்சம் வாங்கிய பிள்ளையின் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. தாராளமாக இருக்கட்டும், அது அவள் உழைத்து வாங்கியது. அவளைக் கூட்டலில் சேர்த்து மற்றவர்களின் தலையில் ஏற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பிளேஸ்மென்ட் அலுவலர், என் பழைய மாணவர், இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சார், நான் மட்டும் 3.6-னு போட்டா, பக்கத்து காலேஜ் 6-னு போடுவான். அட்மிஷன் அங்க போயிடும். அடுத்த மாசம் எனக்கே பிளேஸ்மென்ட் தேட வேண்டியதுதான்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு கடைக்காரர் மட்டும் சரியான படியில் அளந்தால் அவர் கடை காலியாகத்தான் போகும். எல்லாப் படிக்கும் முத்திரை குத்த ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் இந்த மடலின் நகலைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் அனுப்புகிறேன். கவுன்சிலிங்கை நடத்துவது அவர்கள். கல்லூரிக்கு ஒரு கோட், துறைக்கு ஒரு கோட், இத்தனை இடம் என்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் விவரம் அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் துறைக்கு நேராக இன்னும் இரண்டு கட்டம் சேர்த்து, எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எல்லோரையும் ஒரே மாதிரி நிரப்பச் சொன்னால், யாரும் யாரையும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சிவில்தான் படிக்கிறாள். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை, அவள் அப்பா நினைக்கவும் இல்லை. கடன் தொகையை மட்டும் குறைத்துக்கொண்டார், விடுதி வேண்டாம், பேருந்தில் போய் வரட்டும் என்று. நாற்பத்தோராயிரத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைச் செய்திருக்க மாட்டார்.

அன்றைய 41 தாளையும் ரப்பர் பேண்டு போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வரும் ஜூனிலும் யாராவது மடித்த தாளோடு வருவார்கள். அதற்கு முன்னால் உங்கள் கல்லூரியின் உண்மையான பட்டியலை, பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும், எனக்கு அனுப்பினால் நான் கற்பனை வகுப்பை வைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்காது. எழுதிக்கொள்ளக் காலண்டர் தாளுக்குப் பஞ்சமில்லை. ஜூன் பிறக்கும்போது 151 தாள் கிழித்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்

நகல்: தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், சென்னை